பின்கண்ணாடி திறக்குற சுவிட்ச் வேலை செய்யல – 2006 மாடல் வண்டி, பெங்களூர்ல யாராச்சும் சரி பண்ணிருக்கீங்களா?

லிங்கராஜபுரம்_வாசு:

வணக்கம் மக்களே. வண்டி 2006 மாடல் பெட்ரோல் எஸ்யுவி, கம்பெனி பேரு சொல்லல, சொன்னா பாதி பேரு உடனே "வித்துடுங்க ப்ரோ"ன்னு ஆரம்பிச்சிடுவீங்க. 1,38,000 கிமீ ஓடியிருக்கு, இஞ்சின்ல ஒரு குறையும் இல்ல. டிக்கி கதவு நம்ம வீட்டுக் கதவு மாதிரி பக்கவாட்டுல திறக்கும், ஸ்டெப்னி அது முதுகுலயே தொங்கும், மேல இருக்குற கண்ணாடி மட்டும் தனியா மேல தூக்கிக்கும். அந்தக் கண்ணாடிய திறக்க கைப்பிடி பக்கத்துல ஒரு ரப்பர் பட்டன். அதுதான் இப்ப பிரச்சனை.

மே மாச மழைக்கு அப்புறம் ஆரம்பிச்சது. மொதல்ல நாலு தடவ அழுத்தினா ஒரு தடவ திறக்கும், அப்புறம் காலைல திறக்கும் சாயங்காலம் திறக்காது, இப்ப சுத்தமா இல்ல. சென்ட்ரல் லாக் எல்லாம் நல்லா வேலை செய்யுது, ஃப்யூஸ் பாத்தாச்சு, நல்லாதான் இருக்கு.

கண்ணாடி திறக்கலனா என்ன, கதவைத் திறந்துக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. எங்க அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல வண்டிக்கும் பின்னாடி செவுத்துக்கும் நடுவுல ஒன்றரை அடிதான் இருக்கு, கதவு பாதி கூட திறக்காது. இத்தனை வருஷமா கண்ணாடி வழியாதான் எல்லாம் எடுக்குறது. போன வாரம் வாணியம்பாடில இருந்து அம்மா வந்தாங்க, ஒரு மூட்டை அரிசி, ரெண்டு கூடை மாம்பழம், அதையெல்லாம் பின்சீட்ட மடிச்சு உள்ள தவழ்ந்து போய் எடுத்தேன், வாட்ச்மேன் நின்னு சிரிக்கிறாரு.

ஹென்னூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்ல காமிச்சேன். பட்டன ரெண்டு தடவ அழுத்திப் பாத்துட்டு "சார், லாக் அசெம்ப்ளி ஃபுல் சேஞ்ச் மாட்பேக்கு (மொத்தமா மாத்தணும்)"ன்னுட்டாரு. 14,500 ரூபா, ஆர்டர் போட்டு மூணு வாரம். மீட்டர் கூட கையில எடுக்கல. அதான் இங்க கேக்குறேன், சுவிட்ச் மட்டும் மாத்த முடியுமா, இல்ல நிஜமாவே அசெம்ப்ளி போச்சா?

பி.கு. பின் வைப்பரும் கொஞ்ச நாளா நொண்டிக்கிட்டே போகுது, டிஃபாகர் (கண்ணாடில பனி படியாம சூடேத்துறது) போன வருஷமே போயாச்சு. அதுங்களுக்கு இதுல சம்பந்தம் இல்ல, விடுங்க.

ஜேசிரோடு_மணி:

வாசு ப்ரோ, மொதல்ல அந்த 14,500 ரூபாய பாக்கெட்லயே வைங்க.

இந்த வயசு வண்டில பட்டன் மேல இருக்குற ரப்பர் தோல் வெயில்ல காஞ்சு மயிரிழை மயிரிழையா வெடிச்சிடும், கண்ணுக்கே தெரியாது, விரல்ல இழுத்துப் பாத்தாதான் தெரியும். அதுக்குள்ள தண்ணி இறங்கும். மழை, வாட்டர் வாஷ் ரெண்டும்தான் எமன், அதுலயும் வாட்டர் வாஷ் பையன் பிரஷர் கன்ன நேரா அங்கதான் அடிப்பான்.

செலவே இல்லாம மூணு விஷயம் பாருங்க. ராத்திரி பேஸ்மென்ட்ல சத்தம் இல்லாதப்ப பட்டன அழுத்துங்க, உள்ள டிக்னு ரிலே (மோட்டாருக்கு கரண்ட் விடுற சுவிட்ச்) சத்தம் கேக்குதா? கேட்டா சுவிட்ச் உயிரோட இருக்கு, தப்பு அதுக்கு அப்புறம். கேக்கலனா சுவிட்ச் பக்கம் சந்தேகப்படலாம். அடுத்தது, ஒருத்தர கண்ணாடிய உள்பக்கமா நல்லா அமுக்கிப் பிடிக்கச் சொல்லிட்டு நீங்க பட்டன அழுத்துங்க. பழைய பீடிங் ரப்பர் வெயில்ல கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு கொக்கிய இறுக்கிப் பிடிச்சுக்கும், அமுக்கினா கொக்கி தளரும். அதுல திறந்தா சிலிகான் கிரீஸ் தடவினாலே போதும்.

மூணாவதுதான் நிஜமான டெஸ்ட். உள்பக்கம் டிரிம் பேனல கழட்டினா சுவிட்ச்ல இருந்து வர்ற சின்ன பிளக் தெரியும், ரெண்டு ஒயர். பிளக்க பிரிச்சு, வண்டிப் பக்கம் போற அந்த ரெண்டு பின்னையும் ஒரு துண்டு ஒயரால ஒரு செகண்ட் தொட்டு எடுங்க. கண்ணாடி திறந்தா குற்றவாளி சுவிட்ச்தான், வேற யாரும் இல்ல.

பேனல் கிளிப் கண்டிப்பா ரெண்டு மூணு உடையும். ஜேசி ரோட்ல பத்து கிளிப் முன்னாடியே வாங்கி வச்சுக்கோங்க. ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்பாதீங்க, பழைய ஏடிஎம் கார்டு நல்லா வேலை செய்யும். பேனலுக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் ஷீட் கருப்பு பசையில ஒட்டியிருக்கும், அத கிழிக்காம எடுத்து திரும்ப அப்படியே ஒட்டணும். குப்பைன்னு நெனச்சு தூக்கிப் போட்டீங்கன்னா அடுத்த மழைக்கு டிக்கில மீன் வளக்கலாம்.

கே.ஆர்.புரம்_எக்ஸ்பிரஸ்:

எதுக்கு இவ்ளோ தலைவலி. என் பழைய வண்டில இதே தொல்லைதான், பேட்டரில இருந்து நேரா ஒரு ஒயர் இழுத்து ஸ்டியரிங்குக்கு கீழ காலிங்பெல் சுவிட்ச் மாட்டிட்டேன். 40 ரூபா. ஆறு வருஷமா ஓடுது. மனைவி ஏறும்போது பட்டன தட்டிவிட்டு கண்ணாடி டப்புனு திறந்து பயந்துட்டாங்க, அது ஒண்ணுதான் குறை.

மீட்டர்_அக்கா:

எக்ஸ்பிரஸ் தம்பி, தயவு செஞ்சு இத மத்தவங்களுக்கு சொல்லாதீங்க. கம்பெனி செட்டப்புல கதவு லாக்ல இருக்கா, சில வண்டில கியர் எங்க இருக்கு, பின் வைப்பர் கண்ணாடி மேல நிக்குதா, இதெல்லாம் பாத்துட்டுதான் கண்ணாடிய விடும். நேரடி ஒயர்ல அந்த பாதுகாப்பு ஒண்ணும் இல்ல. ஓசூர் ரோட்ல 80ல போகும்போது முட்டி பட்டு கண்ணாடி திறந்துச்சுன்னா சாமான் பறக்குறது ஒரு பக்கம், சைலன்சர் புகை வண்டிக்குள்ள இழுக்கும், அதுதான் ஆபத்து. ஃப்யூஸாச்சும் போட்டீங்களா?

வாசு, நான் ஒயரிங் ஹார்னெஸ் (வண்டி ஒயர்க் கட்டு) வேலைலதான் இருக்கேன், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம். மணி சொன்னதெல்லாம் சரி, கூட ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. அந்த பட்டனுக்குள்ள இருக்குறது பெரும்பாலும் ஒரு குட்டி டாக்ட் சுவிட்ச், டிவி ரிமோட், மானிட்டர்ல எல்லாம் இருக்குமே, அதே இனம். பொதுவா 12 வோல்ட் 50 மில்லி ஆம்ப்தான் அதோட தாங்குசக்தி. லாக் மோட்டார் சில ஆம்ப் இழுக்கும். அதனால பட்டன் நேரா மோட்டார ஓட்டாது. பட்டன் சும்மா "திற"ன்னு சொல்லும், மாட்யூல் (வண்டிக்குள்ள இருக்குற குட்டி கம்ப்யூட்டர்) அத கேட்டு ரிலேவ தட்டும், ரிலே மோட்டாருக்கு கரண்ட் விடும். இதுல எந்த இடத்துல அறுந்தாலும் உங்களுக்கு வெளில தெரியுறது ஒண்ணேதான், கண்ணாடி திறக்கல. அதனாலதான் பட்டன அழுத்திப் பாத்தே தீர்ப்பு சொல்ற ஆளுங்கள நம்பாதீங்கன்னு சொல்றது.

முக்கியமா, சுவிட்ச் ஒயர்ல பேட்டரி பிளஸ்ஸ குடுத்துப் பாக்காதீங்க. ரெண்டையும் ஒண்ணா தொடலாம், வெளில இருந்து 12 வோல்ட் ஊத்தக்கூடாது. ஊத்தினா மாட்யூல் போகும், அப்ப 14,500 சில்லறையா தெரியும்.

இன்னொண்ணு. வைப்பர் நொண்டுது, டிஃபாகர் போச்சு, சம்பந்தம் இல்லன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அப்படி தோணல. மூணும் ஒரே கதவுல இருக்கு. சுவிட்ச பாத்துட்டு வாங்க, பேசலாம்.

லிங்கராஜபுரம்_வாசு:

மணி அண்ணா, அக்கா, ரொம்ப தாங்க்ஸ். சனிக்கிழமை பிரிச்சேன். ரிலே சத்தம் இல்ல. கண்ணாடிய அமுக்கியும் ஒண்ணும் நடக்கல. பேனல எடுத்தேன், கிளிப் நாலு உடைஞ்சுது, அண்ணா சொன்னதுக்கு மேல ஒண்ணு. பிளக்ல ரெண்டு பின்னையும் ஒயரால தொட்டதும் டக்குனு கண்ணாடி திறந்துடுச்சு!! பக்கத்துல நின்ன என் பையன் கை தட்டினான்.

சுவிட்ச வெளில எடுத்து பிளேடால மூடிய கீறித் திறந்தா, உள்ள நிஜமாவே அக்கா சொன்ன அதே குட்டி டாக்ட் சுவிட்ச்தான் இருக்கு. ரப்பர் காஞ்ச ஆரஞ்சுத் தோலா கையோட வந்துடுச்சு, அடில பச்சையா பூத்துப்போய், நாலு காலுல ஒண்ணு தொட்டதும் பொடியா உதிர்ந்துடுச்சு. காண்டாக்ட் கிளீனர் அடிச்சு தேறுற நிலைமைல இல்ல.

ஞாயித்துக்கிழமை எஸ்பி ரோட்ல எலக்ட்ரானிக்ஸ் கடை பாதி மூடியிருக்கும்னு திங்கள் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுட்டு போனேன். சந்துக்குள்ள ஒரு கடைல பழச காமிச்சதும் பெரியவர் மூக்குக்கண்ணாடிய நெத்தில ஏத்திட்டு ஒரு பார்வை பாத்து, பின்னாடி டப்பால கைய விட்டு பத்து எடுத்துப் போட்டாரு. பத்துக்கு 30 ரூபா. ஒண்ணு குடுங்கன்னா சிரிக்கிறாரு. சால்டர் பண்ணி, மேல பழைய சைக்கிள் டியூப வட்டமா வெட்டி வச்சு, சுத்தி சிலிகான் சீலன்ட் போட்டேன். நல்லா வேலை செய்யுது. 14,500 எங்க, 30 ரூபா எங்க!

ஜேசிரோடு_மணி:

சூப்பர் ப்ரோ. சீலன்ட் ஒரு நாள் முழுசா காயட்டும், அதுவரை தண்ணி காட்டாதீங்க.

மீட்டர்_அக்கா:

சந்தோஷம். வைப்பர் இன்னும் நொண்டுதா?

லிங்கராஜபுரம்_வாசு:

அக்கா, உங்க வாய்க்கு சர்க்கரைதான் போடணும்னு நெனச்சேன், இப்ப என்ன போடுறதுன்னு தெரியல. வியாழக்கிழமை திரும்ப போச்சு.

ஆனா இந்த தடவ வேற மாதிரி. பட்டன அழுத்தினா டிக்னு சத்தம் கேக்குது, கண்ணாடி அசைய மாட்டேங்குது. டிக்கி கதவ ஓங்கி சாத்தினா அடுத்த ஒரு தடவ திறக்குது. மீட்டர் எடுத்து லாக் மோட்டாருக்கு வர்ற பிளக்க கழட்டி ரெண்டு பின்லயும் வச்சு, பையன பட்டன அழுத்தச் சொன்னேன், 12.3 வோல்ட் கணக்கா காமிக்குது. அப்ப கரண்ட் வந்துடுச்சு, மோட்டார்தான் போச்சுன்னு அர்த்தம் இல்லையா? ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது கடைசில சரியா போச்சா? மனசு கேக்கல.

மீட்டர்_அக்கா:

இல்ல இல்ல, அவசரப்படாதீங்க. இந்த இடத்துலதான் எல்லாரும் ஏமாறுவாங்க, நானும் வேலைக்கு சேர்ந்த புதுசுல ஏமாந்திருக்கேன்.

பிளக்க கழட்டி வச்சு அளந்தீங்க இல்ல? அப்ப மோட்டார் கரண்ட் இழுக்கல. டிஜிட்டல் மீட்டர் கிட்டத்தட்ட ஒண்ணுமே இழுக்காது, அதோட உள் தடை 10 மெகா ஓம் அளவுக்கு இருக்கும். ஒயர்ல முப்பது இழை இருந்து இருபத்தொன்பது அறுந்து ஒரே ஒரு இழை தொட்டுக்கிட்டு இருந்தாலும் மீட்டர் 12.3ன்னு பெருமையா காமிக்கும். கல்யாண வீட்டுக்கு குழாய்ல தண்ணி வருதான்னு பாக்க சொட்டு விழுறத பாத்துட்டு, வருது வருதுன்னு சொல்ற மாதிரி. அண்டா வச்சாதான் தெரியும்.

அண்டாவா ஒரு பிரேக் லைட் பல்ப எடுத்துக்கோங்க, 21 வாட். அது 12 வோல்ட்ல ஒண்ணே முக்கால் ஆம்ப் இழுக்கும். மோட்டாருக்கு பதிலா அந்த பிளக்ல பல்ப மாட்டி பட்டன அழுத்துங்க. ரிலே ஒரு செகண்டுக்கும் குறைவாதான் கரண்ட் விடும், அதனால மின்னி மறையும், கண்ண எடுக்காம பாருங்க. பளீர்னு அடிச்சா ஒயர் நல்லா இருக்கு, மோட்டார பாக்கலாம். மங்கலா செவந்து போனா ஒயர்ல கோளாறு. அப்ப பல்போட மைனஸ் காலுக்கு மட்டும் ஒரு நீள ஒயர் போட்டு, டிக்கி கதவுல இல்ல, வண்டி பாடில பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்ல தொட்டு திரும்ப அழுத்துங்க. இப்ப பளீர்னு எரிஞ்சா பிளஸ் நல்லா இருக்கு, எர்த் (மைனஸ்) ஒயர் அறுந்திருக்கு.

எங்க அறுந்திருக்கும்னு இப்பவே சொல்லவா? கதவுக்கும் பாடிக்கும் நடுவுல கருப்பா மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் குழாய் இருக்கும், யானை தும்பிக்கை மாதிரி. கதவு திறக்க மூட ஒவ்வொரு தடவையும் அதுக்குள்ள ஒயர் மடங்கி நிமிரும். இருபது வருஷம்!

லிங்கராஜபுரம்_வாசு:

அக்கா நீங்க ஜோசியமா பாக்குறீங்க.

பல்ப் மாட்டினேன், உள்ள இருக்குற கம்பி ஊதுபத்தி நுனி மாதிரி செவந்துட்டு அடங்கிடுச்சு. எர்த்த பாடில தொட்டு அழுத்தினதும் பையன் "அப்பா கண்ணு கூசுது"ன்னான்.

பேட்டரி மைனஸ கழட்டிட்டு தும்பிக்கைய ரெண்டு பக்கமும் இழுத்து கீழ தள்ளினேன். வெளில பாக்க எல்லா ஒயரும் முழுசாதான் இருக்கு. ஒவ்வொண்ணா விரல்ல உருட்டிக்கிட்டே வந்தேன், தடியா இருக்குற ஒரு கருப்பு எர்த் ஒயர்ல ஒரு இடத்துல மட்டும் நூடுல்ஸ் மாதிரி தொளதொளன்னு மடங்குது. மேல் தோல் அறுந்திருக்கல, ஆனா உள்ள செம்பு இல்ல! மெல்ல இழுத்தா தோல் ரப்பர் பேண்ட் மாதிரி நீளுது. கீறிப் பாத்தா ரெண்டோ மூணோ இழைதான் தொட்டுக்கிட்டு இருக்கு, மத்ததெல்லாம் கருத்துப்போய் பொடிப்பொடியா நிக்குது. பக்கத்துல இருந்த பழுப்பு ஒயரும் பாதி அறுந்திருக்கு, அது டிஃபாகருக்கு போறதுன்னு நெனைக்கிறேன்.

இப்ப எப்படி ஜாயின்ட் போடுறது? முறுக்கி டேப் சுத்திடலாமா?

கே.ஆர்.புரம்_எக்ஸ்பிரஸ்:

முறுக்கி சால்டர் அடிச்சு டேப் சுத்துங்க, கல்லு மாதிரி நிக்கும். (அக்கா, நேத்து ஃப்யூஸ் போட்டுட்டேன், திட்டாதீங்க.)

மீட்டர்_அக்கா:

கல்லு மாதிரி நிக்கும், அதுதான் பிரச்சனையே. மடங்குற இடத்துல கல்லு இருந்தா கல்லு முடியுற ஓரத்துல ஒயர் அறும். சால்டர் இழைக்குள்ள ஊறி ஒயர விறைப்பாக்கிடும்.

அதனால அறுந்த துண்ட அப்படியே ஒட்டாதீங்க. தும்பிக்கைக்குள்ள இருக்குற மொத்த நீளத்தையும் வெட்டிட்டு புது ஒயர் போடுங்க, ஜாயின்ட் ஒண்ணு பாடிக்குள்ள, இன்னொண்ணு கதவுக்குள்ள வரணும், நடுவுல மடங்குற இடத்துல முழு ஒயர் மட்டும்தான் இருக்கணும். மெல்லிசு இழை நிறைய இருக்குற ஒயரா பாருங்க, எஸ்பி ரோட்ல சிலிகான் ஒயர்னு கேட்டா குடுப்பாங்க, பழசோட தடிமன் குறையக்கூடாது. வீட்டு ஒயரிங் ஒயர் வேண்டாம், அது விறைப்பு. கிரிம்ப் பண்ணி (சின்ன உலோகக் குழாய்ல ஒயர வச்சு டூலால நசுக்கி) மேல பசை வச்ச ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டா சுருங்குற குழாய்) போடுங்க. ரெண்டு மூணு ஒயர் மாத்துறீங்கன்னா ஜாயின்ட் எல்லாம் ஒரே இடத்துல குவியாம முன்னப்பின்ன வைங்க, இல்லனா தும்பிக்கை உள்ள போகாது. டேப் வேண்டவே வேண்டாம், வெயில்ல பசை உருகி அல்வா ஆயிடும்.

நீளத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. கதவ முழுசா திறந்து வச்சு அளந்து, அதுக்கு மேல ரெண்டு இஞ்ச் விடுங்க. தும்பிக்கை திரும்ப ஏற மறுக்கும், கொஞ்சம் சோப்புத் தண்ணி தடவுங்க.

எக்ஸ்பிரஸ், நல்ல புள்ள.

ஜேசிரோடு_மணி:

அக்கா சொன்னதுல ஒரு சின்ன மாற்றுக் கருத்து. சால்டர் தப்பே இல்ல, மடங்குற இடத்துல போடுறதுதான் தப்பு. பாடிக்குள்ள ஜாயின்ட் வந்தா சால்டரும் ஒண்ணும் ஆகாது. நல்ல கிரிம்ப் டூல் இல்லாம கட்டிங் பிளையரால நசுக்குற கிரிம்ப்ப விட ஒழுங்கான சால்டர் எவ்வளவோ மேல்.

மீட்டர்_அக்கா:

பிளையரால நசுக்குறதுன்னா ஒத்துக்குறேன், சால்டரே போடுங்க.

லிங்கராஜபுரம்_வாசு:

முடிஞ்சுது! சனி மதியம் ஆரம்பிச்சு சாயங்காலம் ஆறரை ஆயிடுச்சு, நடுவுல மனைவி ரெண்டு தடவ போன் பண்ணி "வண்டி இருக்கா இல்ல உதிரியா இருக்கா"ன்னு கேட்டாங்க. என்கிட்ட கிரிம்ப் டூல் இல்ல, அதனால மணி அண்ணா வழி, ஜாயின்ட் ரெண்டும் அக்கா சொன்ன இடத்துல. கருப்பு, பழுப்பு, கூட சந்தேகமா இருந்த ஒரு வெள்ளை, மொத்தம் மூணு ஒயர் மாத்தினேன்.

கண்ணாடி பட்டன தொட்டதும் திறக்குது, பழைய டக் சத்தம் இல்ல, டங்குனு திறக்குது. வைப்பர் சரசரன்னு ஓடுது. டிஃபாகர் சுவிட்ச போட்டுட்டு கண்ணாடில கைய வச்சேன், வெதுவெதுன்னு சூடு ஏறுது, ஒரு வருஷமா செத்துட்டதா நெனச்சது. நம்பர் பிளேட் லைட் கூட முன்ன விட பளிச்சுனு இருக்கு, அது மங்கலா எரிஞ்சதே இப்பதான் எனக்கு தெரியுது.

பேனல் மூடுறதுக்கு முன்னாடி கதவு அடில தண்ணி வெளியேற இருக்குற ஓட்டைய பாத்தேன். ரெண்டும் மண்ணு அடைச்சு, உள்ள அரை டம்ளர் தண்ணி, ஒரு காஞ்ச குல்மோஹர் இலை. குச்சி விட்டு குத்தினதும் கொட்டிச்சு. சுவிட்ச் பூத்துப்போனதுக்கு அந்த ஈரமும் ஒரு காரணமா இருக்கும்னு தோணுது.

செலவு: சுவிட்ச் 30, ஒயரும் ஹீட் ஷ்ரிங்க்கும் 180, கிளிப் 120, சீலன்ட் 150. பல்ப் வீட்ல இருந்தது. மொத்தம் 480, அரை நாள் லீவு தனி.

கண்ணாடிய தாங்குற ரெண்டு கேஸ் ஸ்ட்ரட்டும் வலு போயிருக்கு, திறந்து ஒரு நிமிஷத்துல தலைல இறங்குது, அடுத்த வேலை அது. இப்போதைக்கு அம்மா கொண்டுவந்த கரும்புத் துண்டு ஒண்ண முட்டுக் குடுத்து வச்சிருக்கேன்.

அத்திப்பள்ளி_ராஜா:

வாசு அண்ணா, என் 2004 வண்டிலயும் அதே பட்டன், அதே தொல்லை. அந்த டாக்ட் சுவிட்ச் என்ன அளவுன்னு சொல்ல முடியுமா? நாளைக்கு சிட்டிக்கு வரேன், அப்படியே வாங்கிடலாம்.

லிங்கராஜபுரம்_வாசு:

என்னுது 6 மிமீக்கு 6 மிமீ, நாலு கால், உயரம் 5 மிமீ தம்பி. ஆனா உயரம் பல அளவுல வருது, 4.3 இருக்கு, 7 இருக்கு, அதுக்கு மேலயும் இருக்கு. குட்டையா போட்டா ரப்பர் எட்டாது, நெட்டையா போட்டா எப்பவும் அழுத்திக்கிட்டே இருக்கும். பழச கழட்டி கைல எடுத்துட்டுப் போங்க. பத்து வாங்காதீங்க, என்கிட்ட ஒன்பது சும்மா கெடக்கு, லிங்கராஜபுரம் வந்தா ஒண்ணு எடுத்துக்கோங்க. போறதுக்கு முன்னாடி டிக் சத்தம் கேக்குதான்னு மட்டும் பாத்துடுங்க, கேட்டுச்சுன்னா நேரா தும்பிக்கைய பிரிங்க.